எந்தப் பெயரில் பதிவது? அயோத்திதாச பண்டிதரின் வாழ்க்கை

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தின் முன்னால் நீண்ட தாடியுடன் ஒருவரின் சிலை நிற்கிறது. ரயிலைப் பிடிக்க ஓடுபவர்களும், யாருக்காகவோ காத்திருப்பவர்களும், கவனயீர்ப்புப் போராட்டத்துக்குப் பதாகையோடு வருபவர்களும் அந்தச் சிலையைச் சுற்றித்தான் நிற்பார்கள். கேணல் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட். இலங்கையின் பௌத்த மறுமலர்ச்சிக்குத் துணைநின்ற அமெரிக்கர் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். 1898 ஆம் ஆண்டு இதே ஒல்கொட் சென்னையிலிருந்து இரண்டு தமிழர்களைக் கொழும்புக்கு அழைத்து வந்தார் என்பதை நான் படித்த பாடப் புத்தகம் எதுவும் சொல்லவில்லை.

வந்தவர்களில் ஒருவர் கிருஷ்ணசாமி என்ற ஆசிரியர். மற்றவர் சென்னை இராயப்பேட்டையில் சித்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த, அப்போது ஐம்பத்து மூன்று வயதான அயோத்திதாச பண்டிதர். இருவரும் பிறப்பால் பறையர் என்று அழைக்கப்பட்டவர்கள். கோயிலுக்குள் போக முடியாதவர்கள், பொதுக் கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாதவர்கள் என்று அன்றைய சமூகம் ஒதுக்கி வைத்த கூட்டத்திலிருந்து வந்தவர்கள். கொழும்பில் அவர்கள் மாளிகாகந்த வித்தியோதய பிரிவெனாவின் தலைவர் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தர்களாகத் திரும்பினார்கள். அம்பேத்கர் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவியது 1956 ஒக்டோபரில். அதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது.

பௌத்தம் என்ற சொல் இந்த நாட்டில் வாழும் தமிழர் ஒருவரின் காதில் எப்படி விழும் என்பதை விளக்கத் தேவையில்லை. அரச மரமும் புத்தர் சிலையும் இங்கே பல இடங்களில் நிலத்தகராறின் தொடக்கமாக இருக்கின்றன. அதே மதம், கடலுக்கு அந்தப் பக்கம், ஒடுக்கப்பட்ட தமிழர் சிலருக்குத் தப்பிச் செல்லும் வழியாகத் தெரிந்திருக்கிறது. அயோத்திதாசரின் வாழ்க்கையை இலங்கையிலிருந்து வாசிக்கும்போது இந்த முரண் விடாமல் கூடவே வருகிறது. அவருக்குப் பௌத்தம் அதிகாரத்தின் மதமாக இருக்கவில்லை. பறிபோன பெயர் ஒன்றைத் திரும்பப் பெறுவதற்கான வழியாகவே இருந்தது.

அவருக்கு முதலில் இருந்த பெயரும் அயோத்திதாசர் அல்ல. 1845 மே 20 இல் பிறந்தபோது பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தனக்குத் தமிழும் வைத்தியமும் கற்றுத்தந்த ஆசிரியரின் மீதிருந்த மதிப்பால் அந்த ஆசிரியரின் பெயரையே தன் பெயராக்கிக் கொண்டார். பெயரை ஒருவர் தானே தெரிவுசெய்து கொள்ளலாம் என்பதை அவர் முதலில் தன்னிடமே செய்து பார்த்தார் என்று சொல்லலாம்.

அவருடைய குடும்பத்தில் படிப்பு புதிதாக வந்த ஒன்று அல்ல. பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக வேலை செய்தவர். வீட்டில் தலைமுறையாகப் பாதுகாத்து வந்த திருக்குறள் ஏட்டுச் சுவடிகளை அவர் தன் துரையிடம் கொடுக்க, அது தமிழறிஞராக விளங்கிய எல்லிஸ் துரையின் கைக்குப் போய் அச்சேறியது என்று அயோத்திதாசர் பின்னாளில் எழுதினார். சமையற்கட்டில் நின்ற மனிதரின் வீட்டில் குறள் சுவடி இருந்தது என்ற அந்தச் செய்தி அவருக்கு முக்கியமாகப் பட்டது. எழுத்தும் வைத்தியமும் சோதிடமும் தெரிந்த ஒரு கூட்டம் எப்படிச் சேரிக்குத் தள்ளப்பட்டது? பின்னர் அவர் எழுதிய அத்தனைக்கும் அடியில் இந்தக் கேள்வி கிடக்கிறது.

இளமையின் பெரும்பகுதி நீலகிரியில் கழிந்தது. மலையைத் திறந்து கோப்பியும் தேயிலையும் பயிரிட்டுக் கொண்டிருந்த காலம். வேலை தேடிச் சமவெளியிலிருந்து ஏறிய ஒடுக்கப்பட்ட சாதி மக்களும், அந்த மலையிலேயே தொன்றுதொட்டு வாழ்ந்த தோடர் முதலிய பழங்குடிகளும் அருகருகே இருந்த இடம் அது. 1870களில் அங்கே அத்வைதானந்த சபை என்ற அமைப்பை அவர் தொடங்கினார். எல்லா உயிரும் ஒன்றென்று பேசும் அத்வைதம் சாதி வேற்றுமையைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கை அப்போது அவருக்கு இருந்தது. அதே தத்துவத்தைப் பேசியவர்கள் தம் வாசலில் அவரை ஏற்றுக்கொள்ளாததைக் கண்டபோது அந்த நம்பிக்கை நீண்ட நாள் நிற்கவில்லை.

பிரித்தானிய ஆட்சி இந்தியாவில் பத்தாண்டுக்கு ஒருமுறை தலைகளை எண்ணத் தொடங்கியிருந்த காலமும் இதுதான். கணக்கெடுப்பு அலுவலர் வீட்டுக்கு வருவார். மதம் என்ன, சாதி என்ன என்று கேட்பார். சொல்லாவிட்டால் தனக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டு போவார். ஊர் கூப்பிட்ட இழிபெயர் அரச ஆவணத்தில் ஏறி, அதன்பின் அதுவே நிரந்தரமாகிவிடும். இந்த ஆபத்தை அவர் மற்றவர்களுக்கு முன்னரே கண்டுகொண்டார். 1881 கணக்கெடுப்பின்போதே தம் மக்களைப் பூர்வத் தமிழர் என்று பதியும்படி அவர் அரசிடம் கேட்டதாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1885 இல் கிறிஸ்தவ மத போதகரான ஜோன் ரத்தினத்துடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்ற பத்திரிகையில் ஈடுபட்டார். அடுத்த ஆண்டு, இம்மக்கள் இந்துக்கள் அல்லர் என்று வெளிப்படையாக அறிவித்தார். தமிழர் என்பதும் திராவிடர் என்பதும் பிற்காலத்தில் பெரிய அரசியல் சொற்களாக மாறப்போவதை அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவை மொழியையோ நாட்டையோ குறித்து எழுவதற்கு முன், சாதிப் பெயரைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் எழுத ஒரு சொல் தேவைப்பட்ட மக்களின் வாயிலிருந்து எழுந்தன.

1891 டிசெம்பர் 1 ஆம் திகதி நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் பெயரில் ஒரு மாநாடு கூடியது. பத்துக் கோரிக்கைகள் நிறைவேற்றப்பட்டன. அவற்றை இன்று வாசித்தால் ஒரு மனிதரின் அன்றாட வாழ்க்கையில் எங்கெங்கெல்லாம் குத்தல் இருந்தது என்பது தெரிகிறது. பறையன் என்று இழிவாகக் கூப்பிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலையும் கட்டணச் சலுகையும் வேண்டும். படித்தவர்களுக்குத் தகுதிக்கேற்ற அரச வேலை வேண்டும். பொதுக் குளத்திலும் கிணற்றிலும் தண்ணீர் அள்ளவும், அரச அலுவலகங்களில் மற்றவர்களைப் போல நுழைந்து உட்காரவும் தடை இருக்கக் கூடாது. இவற்றோடு சிறைச்சாலைச் சட்டப் புத்தகத்தில் இருந்த ஒரு விதியையும் நீக்கக் கேட்டார்கள். சிறைக்குப் போனாலும் மலசலகூடம் துப்புரவாக்கும் வேலை இந்தச் சாதிக் கைதிக்கே என்று அந்த விதி சொன்னது. ஒருவர் என்ன குற்றம் செய்தார் என்பதைவிட எங்கே பிறந்தார் என்பதே சிறைக்குள்ளும் அவரது வேலையைத் தீர்மானித்தது.

கோரிக்கைகள் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த காங்கிரஸுக்கும் அனுப்பப்பட்டன. பதில் வரவில்லை.

அடுத்த ஆண்டு, 1892 இல், சென்னை மகாஜன சபையின் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாக அவர் போனார். காங்கிரஸோடு நெருக்கமாக இருந்த, படித்தவர்களும் வக்கீல்களும் நிரம்பிய சபை அது. சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் தம்மவரை ஏன் விடுவதில்லை என்று எழுந்து கேட்டார். சபையில் பெரும் கூச்சல் எழுந்தது. தஞ்சாவூரைச் சேர்ந்த சிவராம சாஸ்திரி என்பவர், உங்களுக்கு மதுரை வீரனும் காட்டேரியும் கறுப்பனும் போதும், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கானவை அல்ல என்ற கருத்தில் பேசினார். அப்படியானால் அந்தத் தெய்வங்கள் எமக்கு வேண்டாம் என்று அயோத்திதாசர் அங்கேயே விட்டுவிட்டார். கோயிலை விட்டு, பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கேட்டார். அதற்குச் சபை சம்மதித்தது.

அவருடைய வாழ்க்கையில் ஒரு வாசல் மூடி மற்றொன்று திறந்த இடம் இந்தக் கூட்டம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கோயில் நுழைவுக்காக அவர் அதன்பின் கெஞ்சவில்லை. உள்ளே விடு என்று கேட்பது, கதவுக்குச் சொந்தக்காரர் யார் என்பதை ஒப்புக்கொள்வதாகும் என்று நினைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று தேடப் போனார்.

தேடல் பௌத்தத்தில் போய் முடிந்தது. பழைய தமிழ் நூல்கள், நிகண்டுகள், சுவடிகள், வாய்மொழிக் கதைகள், வைத்திய நூல்கள் என்று வாசித்துப் போனவர் ஒரு முழு வரலாற்றையே கட்டியெழுப்பினார். அவரது கணிப்பில் இந்த மண்ணின் பழைய குடிகள் பௌத்தர்கள். சாதி பேதமற்ற வாழ்க்கை அவர்களுடையது. அறிவாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தவர்களை அக்காலத்தில் பிராமணர் என்று அழைத்தார்கள். அவர்கள் யதார்த்த பிராமணர்கள். பிறகு அந்த வேடத்தை மட்டும் போட்டுக்கொண்டு வந்தவர்கள் வேஷ பிராமணர்கள். வேடத்தை ஊருக்குப் பறைந்தவர்கள், அதாவது எடுத்துச் சொன்னவர்கள், பறையர் என்று இழிவுபடுத்தப்பட்டார்கள். தீண்டாமை தோல்வியடைந்தவர்களின் மீது சுமத்தப்பட்ட தண்டனை. தீண்டப்படாதவன் என்பவன் ஆதியில் குற்றவாளியாகவும் அடிமையாகவும் இருந்தவன் அல்லன்; எதிர்த்து நின்றவன்.

பண்டிகைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. தீபாவளி என்பது எள் நெய்யின் பயனைப் பழைய பௌத்தர்கள் கண்டறிந்து கொண்டாடிய நாள் என்றார். கார்த்திகை தீபத்தை ஆமணக்கு நெய்யோடு சேர்த்துச் சொன்னார். திருக்குறளைத் திரிபிடகத்தின் வழி வந்த நூலாகக் கண்டு திரிக்குறள் என்றே எழுதினார். இவற்றில் பலவற்றை இன்றைய மொழியியலாளரோ வரலாற்றாசிரியரோ ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் அவரது முறையில் இழுத்துப் பிடித்த இடங்கள் நிறைய உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அவருக்கு எதிரில் இருந்த புராணமும் ஆவணத்தால் நிரூபிக்கப்பட்ட ஒன்றல்ல. ஒரு பிரிவினர் தலையிலிருந்தும் இன்னொரு பிரிவினர் காலிலிருந்தும் பிறந்தார்கள் என்று சொல்லும் கதைக்கு, எண்ணெய் விளக்கை முதலில் ஏற்றியவர்கள் நாங்கள் என்ற கதையால் அவர் பதில் சொன்னார்.

இந்த இடத்தில்தான் ஒல்கொட் வருகிறார். அடையாறில் தலைமையகம் வைத்திருந்த பிரம்மஞான சபையின் தலைவர் அவர். 1894 இல் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கென இலவசப் பாடசாலை ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதற்கு முன், 1880 இல், காலியில் பஞ்சசீலம் ஏற்றவர். பஞ்சமர் எனப்பட்டவர்கள் பழைய பௌத்தர்கள் என்ற வாதத்தோடு அயோத்திதாசரும் அவரது தோழர்களும் ஒல்கொட்டை அணுகினார்கள். தங்களை மதம் மாற்றும்படி அவர்கள் கேட்கவில்லை. தங்கள் பழைய மதத்துக்குத் திரும்பிப் போக உதவும்படிதான் கேட்டார்கள். சென்னையில் அப்படியொரு திரும்புதலைச் செய்துவைக்கச் சங்கம் இல்லை, விகாரை இல்லை. இருந்த இடம் இலங்கை. அதனால்தான் 1898 இன் கொழும்புப் பயணம்.

திரும்பிப் போனதும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சொற்பொழிவு, வாசகசாலை, திருமணமும் மரணச் சடங்கும் பிராமணப் புரோகிதர் இல்லாமல் நடத்தும் முறை எனச் சங்கம் ஒரு சமூகத்துக்கு வேண்டிய அன்றாடக் காரியங்களைக் கையில் எடுத்தது. கோலார் தங்கவயல், பெங்களூர், ஹூப்ளி, திருப்பத்தூர் என்று கிளைகள் விரிந்தன. இரங்கூனிலும் தென்னாபிரிக்காவிலும் கூட அதன் கைகள் நீண்டன. சென்ற இடங்களைப் பார்த்தால் ஒரு வரைபடம் கிடைக்கும்: தங்கச் சுரங்கம், ரயில் பட்டறை, துறைமுகம், கரும்புத் தோட்டம். கூலிகளாகவும் சிறு உத்தியோகத்தர்களாகவும் இந்த மக்கள் கலைந்துபோன இடங்கள் அவை. ஊரைவிட்டு வெளியேறியவர்கள்தாம் ஊரின் பெயரையும் உதறத் துணிந்தார்கள்.

1907 ஜூன் 19 இல் ஒரு பைசாத் தமிழன் வெளிவந்தது. நான்கு பக்க வாரப் பத்திரிகை, விலை ஒரு பைசா. பெயரிலேயே விலையைப் போட்ட பத்திரிகை அது. யாருடைய சட்டைப் பையை நினைத்து நடத்தப்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஓராண்டு கழிந்ததும் வாசகர்களின் விருப்பத்தால் முன்னொட்டு நீங்கித் தமிழன் ஆயிற்று. 1914 இல் அவர் இறக்கும்வரை புதன்கிழமை தோறும் வந்தது.

ஊடகம் படித்தவள் என்ற முறையில் அந்தப் பத்திரிகையின் உள்ளடக்கம் எனக்கு வியப்பைத் தருகிறது. இந்திரர் தேச சரித்திரம் தொடராக வந்தது. புத்தரின் வரலாற்றைச் சொல்லும் ஆதிவேதம் வந்தது. அருகிலேயே ஏதோ ஒரு கிராமத்தில் கிணற்றுத் தண்ணீர் மறுக்கப்பட்ட செய்தி, மழை, பஞ்சம், விலைவாசி, வைத்தியக் குறிப்பு, வாசகரின் சந்தேகமும் ஆசிரியரின் பதிலும். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வரலாறும் போன வாரத்து அநியாயமும் ஒரே பக்கத்தில் இருந்தன. வாசகருக்கு அவை இரண்டு விடயங்களாகத் தெரிந்திருக்காது.

வங்கத்தில் தொடங்கிய சுதேசி இயக்கம் சென்னையைச் சூடாக்கிய நாட்களும் அவைதான். அயோத்திதாசர் அதில் சேரவில்லை. மறுத்ததோடு நில்லாமல் வாரந்தோறும் கேலி செய்தார். அந்நியத் துணியை எரிக்கச் சொல்பவர்கள், பக்கத்துத் தெருக்காரரின் கைபட்ட தண்ணீரைக் குடிப்பார்களா என்பதே அவரது கேள்வியின் சாரம். வெள்ளைக்காரர் போனபின் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்று அவர் கவலைப்பட்டார். இதனால் ஆங்கிலேயரின் ஆள் என்ற பெயரும் அவருக்கு வந்தது. பிரித்தானிய ஆட்சியை அவர் வெளிப்படையாகவே புகழ்ந்தார். அந்த ஆட்சி பஞ்சத்தையும் கூலிக் கப்பல்களையும் கொண்டு வந்தது என்பதைப் போதிய அளவு எடைபோடவில்லை. ஆனால் அவரது அச்சம் பொய்யானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெரும்பான்மையின் விடுதலை தமக்கும் விடுதலையாக அமையுமா என்று சிறிய சமூகங்கள் கேட்பது எத்தனை நியாயமானது என்பது 1948 இற்குப் பின்னான இலங்கையில் வாழ்பவர்களுக்குத் தெரியும். சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் நிறைவேறியது.

1911 குடிசனக் கணக்கெடுப்பு நெருங்கியபோது அவரது பழைய போராட்டம் உச்சத்துக்கு வந்தது. யாரை இந்து என்று எண்ணுவது என்பதில் அரசுக்கே குழப்பம் வந்திருந்தது. தனித் தொகுதிகள் குறித்த பேச்சு எழுந்தபின் ஒவ்வொரு தலையும் அரசியல் பெறுமதி பெற்றது. கணக்கெடுப்பு ஆணையாளர் கெயிட் 1910 இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பிராமணரின் தலைமையை ஏற்காதவர்கள் யார், கோயிலின் உள்ளே விடப்படாதவர்கள் யார், தொட்டாலோ அருகில் வந்தாலோ தீட்டு என்று ஒதுக்கப்படுபவர்கள் யார் என்றெல்லாம் கேட்டுத் தனியே குறிக்கச் சொல்லியது அது. இந்துத் தலைவர்கள் கொதித்தார்கள். அயோத்திதாசர் வரவேற்றார். தமிழன் பத்திரிகையில் தம் மக்களைப் பௌத்தர் என்றும் சாதிபேதமற்ற திராவிடர் என்றும் சொல்லும்படி எழுதினார். தெருவில் தள்ளி வைக்கும்போது வேற்று ஆள், தலையை எண்ணும்போது மட்டும் நம் ஆள் என்ற கணக்கு அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

இதே 1911 இல் இலங்கையிலும் கணக்கெடுப்பு நடந்தது. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தமிழர்கள் முதன்முதலாக இரண்டு தனிப் பிரிவுகளாக எண்ணப்பட்டது அந்தக் கணக்கெடுப்பில்தான். இந்தியத் தமிழர் என்ற நிரலில் விழுந்தவர்களில் பெரும் பகுதியினர், அயோத்திதாசர் யாருக்காக எழுதிக் கொண்டிருந்தாரோ அதே சாதிகளிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள். நூறு ஆண்டுக்கு மேலாக அந்தப் பெயரைச் சுமந்துவிட்டு, மலையகத் தமிழர் என்று எம்மைப் பதியுங்கள் என அவர்களின் வழித்தோன்றல்கள் அண்மைக் கணக்கெடுப்பின்போது கேட்டார்கள். படிவத்தில் ஒரு சொல்தானே என்று அலட்சியமாகச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

பெயர் விடயத்தில் அயோத்திதாசரோடு கடுமையாக முரண்பட்டவர் வெளியாள் அல்லர். அவரது மனைவியின் சகோதரர் இரட்டைமலை சீனிவாசன். அவரும் அதே மக்களின் விடுதலைக்கு உழைத்தவர். 1893 இல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் பறையன். எந்தச் சொல்லைச் சொல்லி அவமதிக்கிறார்களோ அதையே தலைப்பில் போட்டுத் தலை நிமிர்ந்து நிற்போம் என்பது அவரது வழி. அந்தச் சொல்லே எதிரி கொடுத்தது, அதை ஏற்றால் கதையையும் ஏற்றதாகும் என்பது அயோத்திதாசரின் வழி. ஒருவர் உரிமை கேட்க அந்தப் பெயரில் மகாஜன சபை அமைத்தார். மற்றவர் அந்தப் பெயரால் அழைப்பதைக் குற்றமாக்கக் கேட்டார். சீனிவாசன் பின்னாளில் தென்னாபிரிக்கா சென்று, திரும்பி, அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. இழிபெயரைக் கொடியாக்குவதா, கழற்றி எறிவதா என்ற இந்தக் குடும்பச் சண்டையை ஒடுக்கப்பட்ட மக்கள் இருக்கும் இடங்களிலெல்லாம் காண்கிறோம்.

அயோத்திதாசரிடம் மன்னிக்கக் கடினமான பகுதியொன்றும் உண்டு. தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, இயல்பாகவே தாழ்ந்தவர்கள் வேறு என்று அவர் பிரித்தார். முன்னாள் பௌத்தர்கள் முதல் வகையினர். சக்கிலியர், குறவர், தோட்டிகள் போன்றோரை இரண்டாவது வகையில் வைத்தார். தன் மக்களைப் படுகுழியிலிருந்து தூக்கக் கட்டிய ஏணியின் கீழ்ப்படியில் இன்னும் சிலரை நிறுத்தினார். அருந்ததியர் சமூகத்திலிருந்து வந்த எழுத்தாளர்கள் இதைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். நகரங்களைத் துப்புரவாக்குவதற்கென்றே கொண்டுவரப்பட்டு, தலைமுறை தலைமுறையாக அந்த வேலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் எங்கள் நகரங்களிலும் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் அயோத்திதாசரை வாசித்தால் எந்த இடத்தில் புத்தகத்தை மூடுவார் என்று ஊகிக்கலாம்.

அவரது வாழ்க்கையில் வைத்தியம் ஒரு பக்கத் தொழிலாக இருக்கவில்லை. சோறு போட்டதும், சாதி கடந்து ஆட்களை வாசலுக்குக் கொண்டுவந்ததும் அதுதான். சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்த திரு.வி.க. அவரது மருந்தால் எழுந்து நடந்தார். பிற்காலத்தில் தமிழ்நாட்டின் பெரும் பேச்சாளரும் தொழிற்சங்கத் தலைவருமான அவர் அதைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் நன்றியோடு எழுதியிருக்கிறார். நாடி பார்க்க நீட்டிய கையில் தீட்டு ஒட்டவில்லை போலும். இன்று சென்னை தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவகத்தின் மருத்துவமனைக்கு அவரது பெயர் வைக்கப்பட்டுள்ளது.

1914 மே 5 இல் அவர் காலமானார். அறுபத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. மகன் பட்டாபிராமன் தமிழனைச் சிறிது காலம் நடத்தினார், பிறகு நின்றது. 1926 இல் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் அதை மீண்டும் எழுப்பி, 1930களின் நடுப்பகுதி வரை கொண்டு சென்றார். அதன்பின் நீண்ட மௌனம். திராவிட இயக்கத்தின் வரலாறு எழுதப்பட்டபோது, திராவிடர் என்ற சொல்லை அவ்வளவு முன்னரே அரசியலாக்கியவரின் பெயர் ஓரக்குறிப்பாகக்கூட அரிதாகவே வந்தது. அம்பேத்கர் 1950 இல் உலக பௌத்தர் மாநாட்டுக்காக இலங்கை வந்தார். அரை நூற்றாண்டுக்கு முன் இதே தீவுக்கு இதே காரணத்துக்காக வந்த சென்னை வைத்தியரை அப்போது நினைவுகூர இங்கே யார் இருந்திருப்பார்கள்?

இலங்கைத் தமிழர் நடுவிலும் இந்தக் கதைக்கு ஒரு சிறிய எதிரொலி உண்டு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் சைவப் பாடசாலைகளின் கதவு அடைக்கப்பட்ட பிள்ளைகள் சிலர் பௌத்தத்தின் பெயரில் திறந்த பாடசாலைகளில் எழுத்துப் படித்தார்கள். அதை இனத்துரோகம் என்று ஏசியவர்கள், அந்தப் பிள்ளைகளைத் தம் பாடசாலையில் சேர்த்துக்கொள்ள முன்வந்தவர்களாக இருக்கவில்லை.

1990களில் தமிழ்நாட்டில் தலித் இயக்கம் எழுந்து நின்று தன் முன்னோரைத் தேடியபோதுதான் அயோத்திதாசர் மீண்டும் அச்சுக்கு வந்தார். ஆய்வாளர் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள், பாளையங்கோட்டையிலிருந்து 1999 இல் வெளியானது. 2005 இல் இந்திய அரசு தபால் முத்திரை வெளியிட்டது. 2023 இல் சென்னை கிண்டியில் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் திறந்தது.

அந்தத் தொகுப்புக்கு வேண்டிய பழைய தமிழன் இதழ்கள் பெரிய நூலகங்களில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கவில்லை. இராயப்பேட்டைச் சங்கத்தின் வழிவந்த பௌத்தக் குடும்பங்கள், சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், அவற்றைத் தம் வீடுகளில் வைத்திருந்தார்கள். ஒரு பைசாவுக்கு வாங்கிய காகிதம். எண்பத்தைந்து ஆண்டு அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள்.